நொட்டாங்கைப் பக்கத்துக் கம்பிகள்

பக்கவாதம் என்றால் கை விழும், கால் விழும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டிரைவருக்கு வந்தது அப்படி வெளிப்படையாகத் தெரிகிற பக்கவாதம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். கை ஆடியது, பேச்சு வந்தது, பழைய கடி ஜோக்குகளும் கூடவே வந்தன. பார்க்க வந்தவர்கள் பெரிய கண்டம் தப்பியது என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பழங்களை வைத்துவிட்டுப் போனார்கள். தப்பவில்லை என்பது அவர் மனைவிக்கு மட்டும், வீட்டுக்கு வந்த அன்றைய சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதியைத் தொடாமலே வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடக்கூடாதா, நோயாளி என்று பட்டினி போடுகிறாயா என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டில்லை என்று தெரிந்துவிட்டது. தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தாள். மிச்சமெல்லாம் வலது பக்கம் வந்துவிட்டது. "அப்படி வா வழிக்கு" என்று சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டு முடித்தார்.

அவருடைய கண்ணில் கோளாறு இல்லை. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண் பொறுமையாக விளக்கினாள். இடது பக்கம் அவருக்கு இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இருட்டாக இருந்தால் இருட்டு என்றாவது தெரியும். இடது என்று ஒன்று இருப்பதையே அவருடைய மூளை மறந்துவிட்டது. இல்லாததைக் காணவில்லை என்று யார் தேடுவார்கள்? ஆகையால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அவர் சாதிப்பார். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். எப்போதும் அவருக்கு இடது பக்கமாக உட்கார வேண்டும், இடது பக்கமிருந்தே பேச வேண்டும். என்றைக்காவது அந்தப் பக்கம் தலை திரும்பும்.

அன்றிலிருந்து அவள் தன் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். வாரக்கணக்கில், புருஷனுக்கு இல்லாத ஒரு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரோடு பேசினாள். அவர் வலது பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுவார். "எங்கடி இருக்க நொட்டாங்கை, சமையலறையிலயா?" என்று சுவரிடம் கேட்பார்.

நொட்டாங்கை என்பது அவர் வைத்த பேர். அவள் எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறவள். கல்யாணமான புதிதில் அவள் கத்தரிக்கோல் பிடிக்கிற அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படிக் கூப்பிட்டார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகு ஈறில் பல்லைப் பதிப்பது, சூட்டுக்கத்தியால் ஈறுக்கு வளைவு கொடுப்பது எல்லாம் அந்த இடது கைதான். முன்பல் என்று வந்தால் முதலாளி வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

டிரைவர் என்பது தொழிலும் பேரும். ஹோட்டல்களின் அழுக்குத் துணியை ஏற்றிப்போய், வெளுத்த துணியைக் கொண்டுவந்து சேர்க்கிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வேன். இப்போது அது வாசலில் நின்று தூசு வாங்கிக்கொண்டிருந்தது. ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சாவியை அவள் பீரோவில், போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். தினமும் காலையில் அவர் சாவி கேட்பார். தினமும் அவள் பூசி மெழுகுவாள். மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். பக்கவாதம் வந்த ஆள் ஒற்றைக்காலில் நிற்பதே பெரிய விஷயம் இல்லையா என்று அவரே அதற்கும் ஒரு ஜோக் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவின் இடது ஓரத்தில் நடப்பவர்களை நினைத்துக்கொண்டாள்.

வேனைத் தவிர அவருக்கு இருந்தது ரயில். பின்னறை முழுக்க அதுதான். பொம்மை ரயில் என்று யாராவது சொல்லிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மாடல் ரயில் என்றுதான் சொல்ல வேண்டும். விரல் நீள எஞ்சின், நகம் உயரத்தில் பயணிகள், ஸ்டேஷன், சிக்னல், பாலம். இரண்டு ஆள் தூக்குகிற அளவுப் பலகைகளாகச் செய்து, கண்காட்சி நடக்கும் இடத்தில் வரிசையாகப் போல்ட் போட்டு ஒன்று சேர்ப்பார்கள். தண்டவாளம் மட்டும் சேர்ந்தால் போதாது, மின்சாரமும் சேர வேண்டும். அதற்காக ஒரு பலகையின் அடியில் பிளக், அடுத்த பலகையின் அடியில் சாக்கெட். பிளக்கில் இருபத்தைந்து பின்கள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, மேல்தாடையும் கீழ்த்தாடையும் மாதிரி. சாக்கெட்டில் அதே கணக்கில் துளைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு கம்பி தண்டவாளத்துக்கு, ஒரு கம்பி சிக்னல் விளக்குக்கு, ஒரு கம்பி பாதை பிரிகிற இடத்து மோட்டாருக்கு. ஒன்று விட்டுப்போனாலும் பலகை ஊமையாகிவிடும். இந்த வேலையில் டிரைவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அவர்கள் கூட்டத்தில் எல்லாருமே ஒத்துக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு மிக நெருக்கமானவர் கார்டு. ரயில்வேக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ரயில் கிளம்பும்போதெல்லாம் வாயாலேயே விசில் அடிப்பதால் அந்தப் பேர். டிரைவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மலையும் குகையுமாக ஒரு புதுப் பலகை செய்து முடித்து, அடியில் கம்பிகள் கலர் கலராகத் தொங்க, அதைக் கொண்டுவந்து பின்னறையில் இறக்கினார்; அதோடு சேர வேண்டிய பாலத்துப் பலகைக்கு அடியிலும் புதுக் கம்பி இழுத்துத் தொங்கவிட்டார். கண்காட்சி நெருங்கிவிட்டது, இணைப்பு வேலையை அண்ணன்தான் செய்ய வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் வழக்கம்போல இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். இரண்டு பலகைகளையும் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, நுனியைத் துடைத்து, ஒரு கம்பியாக எடுத்துத் தோல் உரித்து, முறுக்கி, ஈயம் தொட்டு வைத்தார். கை நடுங்கவில்லை. ஒவ்வொரு பற்றும் கடுகு போலச் சின்னதாக, பளபளவென்று உட்கார்ந்தது. பாலத்துப் பலகையின் சாக்கெட்டை முடித்தார். பிளக்கை முடித்தார். இரண்டுக்கும் மூடியைப் போட்டுத் திருகினார். பிறகு வலது கையில் ஒரு கொத்துக் கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"பாரு, எவ்வளவு கம்பி மிஞ்சிப்போச்சுன்னு. கார்டுக்குக் கணக்கே தெரியல. தேவையில்லாம இழுத்துத் தொங்க விட்டிருக்கான். சரி, ஸ்பேரா இருக்கட்டும்."

அவளும் சிரித்தாள். கண்ணாடிக் கடைக்காரருக்குக் கம்பிக் கணக்கு எங்கே தெரியப்போகிறது என்று தானும் சேர்ந்து கிண்டல் செய்தாள். அந்தச் சிரிப்பைப் பிறகு நினைத்து நினைத்து நொந்துபோனாள்.

பலகைகளைச் சேர்த்துப் போல்ட் போட்டு, பிளக்கைச் சாக்கெட்டில் செருகி, டிரைவர் ரயிலைக் கிளப்பினார். ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி வந்த ரயில், புதுப் பலகையில் எஞ்சின் ஏறியதும் நின்றுவிட்டது. மலையில் ஒரு விளக்கும் எரியவில்லை. மூடியைத் திறந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாப் பற்றும் சரியாக இருந்தது. எஞ்சினை மாற்றினார். தண்டவாளத்தைத் துடைத்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். ரயில் அதே இடத்தில் நின்றது. கார்டைத் திட்டினார், சாக்கெட் விற்ற கடைக்காரனைத் திட்டினார், கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. "கையும் போச்சா எனக்கு?" என்று அந்தச் சுவரிடம்தான் கேட்டார்.

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது அவள் பலகைக்கு அடியில் புகுந்து பிளக்கின் மூடியைத் திறந்தாள். வலது பாதியில் பின்கள் எல்லாம் நிறைந்திருந்தன. இடது பாதி மொட்டையாக இருந்தது, பல் பிடுங்கிய வாய் மாதிரி. சாக்கெட்டைத் திறந்தாள். அதிலும் அப்படியே வலது பாதி மட்டும். சரி, பாதியாவது வேலை செய்திருக்க வேண்டுமே, ஏன் ஒரு விளக்குகூட எரியவில்லை என்று முதலில் குழம்பினாள். இரண்டையும் எடுத்து முகத்துக்கு முகம் வைத்ததும் விளங்கிவிட்டது. அவளுக்கு இது தினப்படி சமாச்சாரம். கூடத்தில் இடதுபக்கப் பல் என்றால் வாய்க்குச் சொந்தக்காரருடைய இடது, எதிரே நிற்கிறவளுக்கு அது வலது. பிளக்கும் சாக்கெட்டும் எதிரெதிரே நிற்கிற இரண்டு ஆட்கள். அதனுடைய வலது இதனுடைய இடது. பிளக்கில் அவர் பற்றவைத்த பாதி, சாக்கெட்டில் அவர் விட்ட பாதியோடு போய் ஒட்டுகிறது. இரண்டு பக்கமும் அத்தனை கம்பி வைத்தும், ஒரு பக்கத்துக் கம்பியை மறுபக்கத்துக் கம்பி சந்திக்கவே இல்லை.

அங்கேயே பலகைக்கு அடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அயர்னைச் சூடாக்கினாள்.

உதவிக்கு அவரையேதான் கூப்பிட்டுக்கொண்டாள். ஆள் நன்றாக இருந்தபோது செய்த பழைய இணைப்பு ஒன்று பக்கத்துப் பலகையில் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தக் கலர் என்று பார்த்துப் பார்த்து, ஸ்பேர் என்று அவர் ஒதுக்கிய கம்பிகளை ஒவ்வொன்றாக இரண்டின் இடது பாதியிலும் வைத்தாள். மெழுகிலும் சூட்டிலும் பழகிய கைதான், ஆனால் ஈயம் வேறு ஜாதி. அவள் வைத்த பற்றுகள் உருண்டை உருண்டையாக, மங்கலாக உட்கார்ந்தன. அசிங்கமாகத்தான் இருந்தன. ஒட்டிக்கொண்டன, அது போதும் என்று மூடியைத் திருகினாள்.

சாயங்காலம், இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாமே என்று அவளே கேட்டாள். சலித்துக்கொண்டே வந்து ஸ்விட்சைத் திருப்பினார். ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, இணைப்பைத் தாண்டி, குகைக்குள் போய் வெளியே வந்தது. மலை முழுக்க விளக்கு. டிரைவர் அப்படியே நின்றார். பிறகு கார்டுக்குப் போன் போட்டார். கார்டு கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடி வந்து, வாயாலேயே நீளமாக ஒரு விசில் அடித்தார். மூன்று பேரும் நின்று ரயில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் வந்த சந்தோஷம் அது, இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் அவர் திரும்பிச் சாவி கேட்டார்.

"இந்த வேலையைச் செஞ்சவனுக்கு மூளை சரியில்லன்னு எந்த டாக்டர் சொல்லுவான்? சாவியக் குடு. கண்காட்சிக்குப் பலகைய நானே ஏத்திட்டுப் போறேன்."

கார்டும் ஆமாம் போட்டார். எவ்வளவு நுணுக்கமான வேலை அண்ணி, இதைச் செய்கிற கை வேன் ஓட்டாதா, கண்காட்சி நடக்கும் பள்ளிக்கூடம் கூப்பிடுகிற தூரத்தில்தானே இருக்கிறது என்றார். கண்ணாடி விற்கிற மனிதருக்கே எதிரில் நிற்பது தெரியவில்லை.

இங்கேதான் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாதி வேலை நான் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். தரையில் உட்கார்ந்து அழுத மனிதர் அவள் கண்ணெதிரே சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பைத் தன் கையால் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பேர் அன்பு என்று அவள் நினைத்தாள். என்னைக் கேட்டால் கோழைத்தனம் என்பேன். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவைதான், யார் கதவைத் திறந்தார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் தள்ளிப்போட்டாள். கண்காட்சி நாள் வந்துவிட்டது.

சாவியை எடுத்துக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டாள். அவளும் கூட வருவாள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவருக்கு இடது பக்கத்து சீட் அது. தன் கண்ணை அவருக்குக் கடன் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். இன்னொரு கணக்கும் இருந்தது, அதை வெளியே சொல்லவில்லை. இடித்தால் முதலில் தன்மேல்தான் இடிக்கும், தெருவில் போகிற யார்மேலும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் கதவைச் சாத்தினாள்.

பலகைகள் பின்னால் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தன. கார்டு முன்கூட்டியே போய்விட்டார். டிரைவர் நன்றாகத்தான் ஓட்டினார். கியர், கிளட்ச், ஹாரன் எல்லாம் பழைய மாதிரியே. வலது பக்கம் போகிறவர்களுக்கு வழி விட்டார், ஒரு சைக்கிள்காரரைப் பார்த்துக் கைகூட ஆட்டினார். இடது பக்கம் மட்டும் வேன் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொண்டே போனது. இடது, இடது என்று அவள் சொல்லச் சொல்ல, ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிக்கொண்டே போனார். ஒரு கடை வாசல் பலகையை உரசினார்கள். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண்ணாடி இறக்கிய ஜன்னலின் ஓரத்தை அவள் இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திருப்பத்தைத் தாண்டியதும், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு லாரி. இரும்புக் குழாய் ஏற்றியது. அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாய்வதற்குள் வேனின் இடது பக்கம் முழுக்க லாரியின் பின்மூலையில் போய்ச் சொருகிக்கொண்டது. சத்தத்துக்குப் பிறகும் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டேதான் இருந்தார். வண்டி ஏன் நகரவில்லை என்று அவளிடம் கேட்டார்.

பலகைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மலையிலிருந்த ஒரு பொம்மை மரம் மட்டும் சாய்ந்திருந்தது. கார்டு வேறு வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கண்காட்சியில் வைத்தார், ரயில் நாள் முழுக்க ஓடியது. அவள் இடது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது.

எலும்புகளைக் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். கையை எடுக்காமல் விட்டதே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் இனி மடங்காது என்பதையும் அவரே சொன்னார். பல் கூடத்து முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனிதர். எவ்வளவு நாளானாலும் உன் இடம் காலியாக இருக்கும் என்றார். இருவருக்குமே அது வெறும் பேச்சு என்று தெரியும், ஆகையால் அவர் சீக்கிரமே எழுந்து போனார்.

டிரைவருக்கு அவள் கை என்ன ஆயிற்று என்று தெரியாது. கீறல் என்று அவளே சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு மறைக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. அவள் நாற்காலி அவருக்கு இடது பக்கம், கையோ அதற்கும் இடது பக்கம். அங்கே ஒரு யானையைக் கட்டி வைத்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. டீயில் சர்க்கரை கூடுதல், சட்டையில் இஸ்திரி சரியில்லை என்று மட்டும் கண்டுபிடித்துச் சொன்னார். ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத கையால் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

வருகிறவர்களிடமெல்லாம் லாரிக்காரனைப் பற்றிப் பேசினார். எங்கிருந்தோ வந்து குறுக்கே விழுந்தான், நல்ல காலம், நான் சுதாரித்துக்கொண்டேன் என்றார். நின்றுகொண்டிருந்த லாரி அண்ணா என்று கார்டு மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு கார்டு அவள் முகத்தை நேராகப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஒர்க்ஷாப்பிலிருந்து வேன் சரியாகி வந்தது. கொண்டுவந்து விட்ட மெக்கானிக்குக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. வாசலில் நின்றிருந்த டிரைவரிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். டிரைவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, நாளை காலையில் ஹோட்டல்களுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அவள் முதலில் கெஞ்சினாள். பிறகு, டாக்டர் வேண்டாம் என்று சொன்னாரே என்றாள்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? அன்னிக்கு ரயில் ஓடிச்சா இல்லயா? அந்த வயரிங்க நான்தானே செஞ்சேன்?"

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். பலகைகள் சுவரோரமாகப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. மலைப் பலகையின் பிளக்கை வெளியே இழுத்து மூடியைக் கழற்றினாள். வலது கையால் திருகாணியைத் திருப்புவதற்குள் வியர்த்துவிட்டது. பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, தான் வைத்த கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். இடது பாதியில் ஈய உருண்டைகள் மட்டும் மிச்சமாக நின்றன. அவரைக் கூப்பிட்டாள். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, தானும் இடது பக்கத்தில் உட்கார்ந்து, அங்கிருந்தே வலது கையை நீட்டி, பிளக்கை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

இதில் எல்லாக் கம்பியும் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இருக்கே. எல்லாம் இருக்கு. நான் செஞ்சா எதையாவது விடுவேனா?"

அவள் பிளக்கை அரைச்சுற்று திருப்பினாள், தட்டைத் திருப்புகிற மாதிரி. தலைகீழாகப் பிடிக்கிறாயே என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு கம்பிகூட இல்லை, வெறும் பின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டை.

"கம்பியெல்லாம் எங்க? இப்பத்தான பாத்தேன்."

அவள் கையிலிருந்து அதை வாங்கினார். மறுபடி திருப்பினார். கம்பிகள் நிறைந்திருந்தன. திருப்பினார். மொட்டை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறைந்த வாயும் பல்லில்லாத வாயுமாக அது அவர் கையில் மாறி மாறி வந்தது. பிறகு ஒரு உருண்டையை நகத்தால் தடவினார். ஊருக்கே தெரிந்த கைவேலைக்காரர், மற்றது எது மறந்தாலும் அது மறக்கவில்லை.

"இது நான் வச்சது இல்ல. உருண்டையா, மங்கலா... இது வேற கை. யாரு வச்சது?"

"நான்தான். நீங்க பாதிதான் வச்சீங்க. ரெண்டுலயும் பாதி. கம்பி மிஞ்சலீங்க, நீங்க விட்டுட்டீங்க. அழுதீங்களேன்னு நான் வச்சேன். வச்சத உங்ககிட்ட சொல்லல."

பிளக் அவர் மடியில் கிடந்தது. பலகையை, சுவரை, கதவை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் வலது பக்கத்துச் சாமான்கள். இந்த அறையே ஒரு பாதிதானோ என்று அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பிறகு, எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவு நாளா நீ எங்க உக்காந்திருந்த?"

"உங்க பக்கத்துலதான். நொட்டாங்கைப் பக்கம்."

அவர் எழுந்தார். அவளுடைய குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பப் பார்த்தார், தலை பாதியிலேயே நின்றுவிட்டது. நாற்காலியைப் பிடித்துத் தூக்கி, முதுகு பலகைக்கு வருகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவள் அவருக்கு வலது பக்கம் வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தார். இளைத்துப்போயிருந்தாள். பார்வை கீழே இறங்கி, அவள் மடியில் கிடந்த கையில் வந்து நின்றது. தையல் தழும்புகளும் வீக்கமுமாக, மூன்று விரல்கள் மரக்கட்டைபோல் நீட்டிக்கொண்டிருந்த கை.

"இது என்ன?"

"கை."

"கீறல்னு சொன்ன."

"சொன்னேன்."

அவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். எதில் ஆனது என்று கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. லாரிக்காரனைப் பற்றியும் பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிடப் பார்த்தார். அவை மடங்கவில்லை. சாவி நழுவிக் கீழே விழுந்தது.

டிரைவர் குனிந்து தேடினார். வலது பக்கத்துத் தரை முழுக்கத் தடவிப் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் பார்த்தார், காணோமே என்றார். சாவி அவருடைய இடது காலை ஒட்டிக் கிடந்தது. அவள் குனிந்து வலது கையால் அதை எடுத்துக்கொண்டாள்.